பாட்டன் பேரு எந்தத் தாளில் இருக்கு?

சென்னையில் அச்சாகிற பெரிய பத்திரிகை எதை வேண்டுமானாலும் புரட்டுங்கள். உள்பக்கத்தில் கட்டம் கட்டி நீத்தார் அறிவிப்பு வந்திருக்கும். செத்தவர் இன்னாருடைய மகன், இன்னாருடைய பேரன், பூர்வீகம் இன்ன கிராமம், மருமகன் இன்ன கம்பெனியில் இன்ன பதவி. மேலே இரண்டு தலைமுறை, கீழே இரண்டு தலைமுறை. நூறு வருஷம் கழித்து அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தன் கொடிவழியைத் தெரிந்துகொள்ள ஆசை வந்தால் பழைய பத்திரிகைக் கட்டு ஒன்றே போதும். நம்ம சேரியில் சாவு விழுந்தால் மேளம் சொல்லும், தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒட்டுவோம். ஐப்பசி மழைக்கு அது கரைந்து சாக்கடையில் போகும். அதோடு அந்த மனுசன் பேரும் போகும்.

இதைத் தலையங்கத்துக்கு எடுத்துக்கொள்ளக் காரணம் ஒரு ஜெராக்ஸ் தாள். தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரத்துக் குடும்பம் ஒன்று, தோழர் ஒருவர் மூலமாக எனக்கு அனுப்பியது. அவர்களுடைய பாட்டனுக்குப் பாட்டன் 1880களில் சென்னைக் கடற்கரையிலிருந்து நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலியாகக் கப்பலேறியவர். தாளில் இருப்பது கப்பல் பதிவேட்டின் ஒரே ஒரு வரி. கிராமம் என்ற கட்டத்தில் எங்கள் காத்திவாக்கம் மாதிரி ஒரு பெயர். "இந்த ஊரில் எங்கள் ரத்தம் யாராவது மிச்சம் இருக்கிறார்களா?" என்று கேட்டிருந்தார்கள்.

அந்த ஒற்றை வரியை எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. எண். பெயர். தகப்பன் பெயர். வயது. சாதி. ஜில்லா செங்கல்பட்டு, தாலுகா சைதாப்பேட்டை, அப்புறம் கிராமம். உயரம், அடி அங்குலக் கணக்கில். உடம்பில் உள்ள அடையாளம்: இடது முழங்காலில் தழும்பு. சாதிக் கட்டத்தில் 'பறையா'.

உயரத்தையும் தழும்பையும் வெள்ளைக்காரன் பாசத்தில் எழுதவில்லை. தோட்டத்தை விட்டு ஓடினால் பிடித்துக்கொண்டு வர வேண்டும், அதற்கு எழுதினான். சந்தையில் மாட்டுக்குச் சுழி பார்த்து எழுதுகிற மாதிரிதான். 1860 அக்டோபர் 12இல் 'ட்ரூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து கிளம்பி நவம்பர் 16இல் டர்பன் சேர்ந்தது. அதில் போனவர்கள் 342 பேர். அப்போது சென்னையில் துறைமுகம் கிடையாது, இரும்புப் பாலம்கூட மறு வருஷம்தான் வந்தது. மசூலாப் படகில் ஏற்றி, அலையைத் தாண்டி, நடுக்கடலில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். அதிலிருந்து 1911 வரைக்கும் ஒரு லட்சத்து 52 ஆயிரம் பேர் நேட்டாலுக்குப் போனார்கள். மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண், ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. அந்தப் பதிவேடுகள் இன்றைக்கும் இருக்கின்றன, கணினியிலும் ஏற்றிவிட்டார்கள். மொரீஷியஸில் இன்னும் ஒரு படி மேலே. 1860களிலிருந்தே கூலிகளைப் படம் பிடித்து வைத்தார்கள். மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தின் காப்பகத்தில் அந்தப் படங்களைப் பார்க்கலாம். பிஜித் தீவுக்கு 1879 முதல் 1916 வரை போன 60 ஆயிரம் பேருக்கும் குடியேற்றச் சீட்டு இருக்கிறது.

ஜெராக்ஸ் தாளை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் இருக்கிற கிழவிகளிடம் போனேன். எழுபது எண்பது வயசு, உப்பளத்தில் பாத்தி மிதித்த கால்கள். ஒரு ஆயா சொன்னது: "இன்னா நைனா கேக்குற, பாட்டனுக்குப் பாட்டன் பேரா? எம் மாமனாரு பேரையே நான் வாய்வுட்டு சொன்னதில்ல. சொன்னா பாவம்னு கத்துக் குடுத்தாங்கோ." புருஷன் பேரைச் சொல்லக்கூடாது, மாமனார் பேரைச் சொல்லக்கூடாது. எழுத்தில் ஏறாத ஜனத்துக்கு வாய்தான் ஏடு, அந்த வாயையும் இப்படித் தைத்து வைத்திருந்தார்கள். இன்னொரு ஆயா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஒருத்தன் மேஸ்திரியாண்ட சண்ட போட்டுக்கினு கப்பலேறிப் பூட்டான்னு எங்க மாமியா சொல்லும். அவங்க ஆத்தா சாவுற வரிக்கும் கடலப் பாத்துக்கினே குந்திக்கினு இருந்துச்சாம்" என்றது. பேரு? பேரு தெரியாது. கப்பலேறினவன் அவன்தானா? அந்தக் காலத்தில் இந்தக் கடற்கரை நெடுக மேஸ்திரியோடு சண்டை போடாதவன் யார்?

ஊர்ப் பெயரிலும் சிக்கல். இங்கிலீஷ்காரக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினான். நம்ம ஆள் சொன்னது காத்திவாக்கமா, சென்னைக்குத் தெற்கே இருக்கிற கொட்டிவாக்கமா? இரண்டும் செங்கல்பட்டு ஜில்லாதான். சாதிக் கட்டமும் அப்படித்தான். ஆரம்பகாலப் பட்டியல்களில் பலபேருக்கு 'மலபார்', 'ஜெண்டூ' என்று எழுதியிருக்கிறான். தமிழ் பேசுகிறவன் மலபார், தெலுங்கு பேசுகிறவன் ஜெண்டூ, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்த சாதி. கப்பலில் ஏறும்போதே வேறு சாதி சொல்லிக்கொண்டவர்களும் உண்டு. சொல்லட்டுமே. ஊரைத் தாண்டினதும் முதுகில் இருந்த சுமையை இறக்கி வைத்தவனைப் பொய்யன் என்று சொல்ல நமக்கு என்ன யோக்கியதை?

சரி, அந்தப் பக்கம் ஒரு வரி கிடைத்தது. இந்தப் பக்கம் என்ன இருக்கிறது?

காத்திவாக்கம் என்ற ஊர் கும்பினிக் கணக்கில் ஏறி முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 1708இல் நவாப் தாவூத் கான் ஐந்து கிராமங்களை ஆங்கிலேயருக்குக் கொடுத்தான். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி, காத்திவாக்கம், சாத்தாங்காடு. எந்தச் சென்னை வரலாற்றுப் புத்தகத்திலும் இது இருக்கும். கொடுத்தவன் பேரு இருக்கு, வாங்கிய கவர்னர் பேரு இருக்கு. கொடுக்கப்பட்ட மண்ணில் உழைத்தவன் பேரு? அது கொடுக்கல் வாங்கல் பத்திரத்தில் எதற்கு? ஆடு மாடு, மரம் மட்டையோடு அவனும் சேர்த்திதான். 1767க்கும் 1774க்கும் நடுவில் பர்னார்டு என்ற கும்பினி என்ஜினியர் செங்கல்பட்டு ஜாகிரில் சுமார் 2000 கிராமங்களை அளந்து கணக்கெடுத்தான். ஏரி, குளம், கோயில், தோப்பு எல்லாம் கணக்கில் வந்தன. எந்தச் சாதிக்கு எத்தனை வீடு என்றும் கணக்கு உண்டு. களத்தில் யாருக்கு எத்தனை மரக்கால் என்ற மேரைக் கணக்கும் உண்டு. நம்முடைய ஆள் அங்கே தொகையாக நிற்கிறான். பறையர் வீடு இத்தனை. அவ்வளவுதான். மிராசுதாரனுக்குப் பேர், நமக்கு எண்ணிக்கை.

ஆக, சொந்த மண்ணில் இருந்தவனுக்கு எண்ணிக்கை மட்டும்தான். விலைபோய்க் கடல் தாண்டினவனுக்குப் பேர், தகப்பன் பேர், உயரம், தழும்பு, சில பேருக்குப் புகைப்படமும். நம் பாட்டன் தன் சொந்தப் பேரில் ஒரு தாளில் ஏறவேண்டுமானால் அவன் அடிமைச் சீட்டில் கைநாட்டு வைத்திருக்க வேண்டியிருந்தது. நம் கிராமங்களைப் 'பொன்னான கிராமங்கள்' என்று எழுதிக் குவிக்கிற மேதாவிகள் இந்த ஒன்றுக்குப் பதில் சொல்லட்டும்.

பெண்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மை. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் கப்பலில் இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். தோட்டக்காரர்களின் வசதிக்கான விதிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெண்ணுக்கும் தனி எண், தனி வரி, அவளுடைய தகப்பன் பேரு. இங்கே பட்டாவில், சிட்டாவில் அந்தக் காலத்துச் சேரிப் பெண் ஒருத்தியின் பெயரைக் காட்டுங்கள் பார்ப்போம்.

1876–78 தாதுவருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஹூப்பர் என்ற பட்டாளத்து அதிகாரி பஞ்சத்தில் அடிபட்டவர்களை உட்காரவைத்தும் நிற்கவைத்தும் படம் எடுத்தான். எலும்பும் தோலுமாக நம் ஜனங்கள். உலகம் முழுக்கப் புத்தகங்களில் அந்தப் படங்கள் வருகின்றன. ஒருத்தருக்கும் பேர் கிடையாது. அதே பஞ்சத்தில் நிவாரண வேலை என்று சொல்லி, சென்னை நகரத்துக்குள் கூவத்துக்கும் அடையாறுக்கும் இடையே கால்வாய் வெட்ட வைத்தார்கள். அதைப் பழைய எண்ணூர்க் கால்வாயோடு சேர்த்து மொத்தத்துக்கும் கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பேரை வைத்தார்கள். எங்கள் ஊர் ஓரமாக இன்றைக்கும் கருப்பாக ஓடுகிறது. மண் சுமந்தவன் பேரில் ஒரு மதகுகூடக் கிடையாது.

பத்திரிகை விளம்பரத்தில் தொடங்கினேன், அங்கேயே திரும்புகிறேன். அமெரிக்கக் கறுப்பின எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி தன் மூதாதையைத் தேடிப்போன கதையை, 'ஏழு தலைமுறைகள்' என்று தமிழில் வந்ததை, நம்மில் பலர் படித்திருப்போம். அவருக்குக் கிடைத்த பெரிய தடயமே ஒரு பத்திரிகை விளம்பரம்தான். 1767 அக்டோபர் 1ஆம் தேதி மேரிலாண்ட் கெஜட்டில், 'லார்டு லிகோனியர்' கப்பலில் வந்திறங்கிய அடிமைகள் விற்பனைக்கு என்று வந்த விளம்பரம். அவர் போட்ட முடிச்சுகளில் சில சரியில்லை என்று பிறகு ஆராய்ச்சிக்காரர்கள் காட்டினார்கள். அது இருக்கட்டும். எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வேறொரு விளம்பரம். 1865இல் அடிமை முறை ஒழிந்த பிறகு விடுதலையான கறுப்பர்கள் தங்கள் திருச்சபைப் பத்திரிகைகளில் காசு கொடுத்து அறிவிப்புப் போட்டார்கள். என் தாயை இன்ன வருஷம் இன்ன எஜமான் இன்ன ஊருக்கு விற்றான், பேர் இது, யாராவது பார்த்தீர்களா? சபைகளில் பாதிரிகள் அதை உரக்கப் படித்தார்கள். 1900க்குப் பிறகும் இது நடந்தது. இன்றைக்கு அவர்கள் பேரப்பிள்ளைகள் அந்த அறிவிப்புகளை ஆயிரக்கணக்கில் திரட்டி வைத்திருக்கிறார்கள். விற்றவன் போட்ட விளம்பரத்திலிருந்து ஒரு வழி, தேடியவன் போட்ட விளம்பரத்திலிருந்து இன்னொரு வழி. இரண்டாவதற்குச் சொந்தப் பத்திரிகை வேண்டும்.

நமக்கும் பத்திரிகை இருந்தது. இருந்ததா என்று கேட்கிற தோழர்களுக்காகச் சொல்கிறேன். 1869இல் 'சூரியோதயம்', 1871இல் 'பஞ்சமன்', 1885இல் 'திராவிட பாண்டியன்'. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்று துணிந்து தலைப்பு வைத்து நடத்தினார். 1907 ஜூன் 19இல் அயோத்திதாசப் பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்'. இவற்றில் முதல் சிலவற்றுக்குப் பேர் மட்டும்தான் மிச்சம். 'தமிழன்' மிஞ்சியது அரசாங்கக் காப்பகத்தின் புண்ணியத்தில் இல்லை. கோலார் தங்கவயலிலும் வட தமிழ்நாட்டிலும் நம் குடும்பங்கள் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார்கள். அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் கட்டிக் காத்தார்கள். அதனால்தான் 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து தொகுதிகளாக அச்சில் வந்தது.

அந்தப் பண்டிதரே தன் பாட்டன் பேரைப் பத்திரிகையில் பதிந்து வைத்தவர்தான். அவர் பாட்டன் கந்தப்பன், ஆரிங்டன் என்ற வெள்ளைக்கார அதிகாரியிடம் பட்லராக இருந்தவர். வீட்டிலிருந்த திருக்குறள் ஏட்டுச் சுவடியை எல்லிஸ் துரையிடம் கொடுத்தவர். குறள் அச்சேறின கதையில் ஒரு பட்லர் நிற்கிறார். இதை அவர் எழுதாமல் விட்டிருந்தால் யார் எழுதியிருப்பார்கள்? தமிழ்த் தாத்தாக்கள் எழுதியிருப்பார்களா? என் பாட்டன் ராஜா என்று பண்டிதர் எழுதவில்லை பாருங்கள். சமையல்கட்டில் வேலை செய்தவர், சுவடி வைத்திருந்தவர் என்று எழுதினார்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. இப்போது நம் இளைஞர்கள் சிலருக்கும் 'ஆண்ட பரம்பரை' வியாதி பிடித்திருக்கிறது. டிஜிட்டல் பேனரில் வாளும் கிரீடமும். பக்கத்துச் சாதிக்காரன் ஒரு ராஜாவைப் பிடித்தால் நாமும் ஒரு ராஜாவைப் பிடிக்க வேண்டும் என்று போட்டி. தோழர்களே, ராஜாவுக்குப் பேரன் ஆனால் அவன் வாங்கின வரிக்கும் நாம்தானே பொறுப்பு? களத்தில் கடைசி மரக்கால் வாங்கினவனுக்கு நான் பேரன். மேஸ்திரியோடு மல்லுக்கு நின்று கப்பலேறினவனுக்குச் சொந்தக்காரன். கிரீடத்தைத் தேடினால் கிடைக்காது, கிடைத்தாலும் சோறு போடாது. பேரைத் தேடினால் நிலம் கிடைக்கும்.

நிலம் என்று சும்மா சொல்லவில்லை. 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் நம் சேரிகளைப் பற்றி அறிக்கை எழுதினார். குடிசை போட்டிருக்கிற மண்கூட மிராசுதாருக்குச் சொந்தம், நினைத்தால் துரத்துவான் என்பதை விலாவாரியாக எழுதினார். அதன்மேல் 1892 செப்டம்பர் 30இல் 1010 எண் அரசாணை வந்தது. தரிசு நிலம் நம் ஜனங்களுக்கு ஒப்படை செய்யப்பட்டது. அதுதான் பஞ்சமி நிலம், ரெவின்யூ பாஷையில் டி.சி. நிலம். முதல் பத்து வருஷம் யாருக்கும் விற்கக்கூடாது, அதற்குப் பிறகும் நம்மவருக்கே விற்கலாம், மீறினால் அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று நம் இயக்கங்கள் சொல்லிவருகின்றன. அதில் இன்றைக்கு நம் கையில் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். 1994 அக்டோபர் 10இல் காரணைப் பஞ்சமி நிலத்துக்காகச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டதில் தோழர்கள் ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள். அந்த ரத்தத்துக்கும் பழைய காகிதத்துக்கும் நேரடிச் சம்பந்தம் உண்டு. நிலம் நம்முடையது என்று காட்ட வேண்டியது நாம்தான். காட்டுவது பாட்டன் பேரை வைத்து.

இங்கேதான் ஒரு விசித்திரம். பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் நம் ஆட்களின் பேருக்குப் பின்னால் சாதியை ஒட்டியிருப்பான். சின்னான் என்று எழுதமாட்டான், சின்னப் பறையன் என்று எழுதுவான். அவமானப்படுத்த எழுதினதுதான். ஆனால் இன்றைக்குக் கோர்ட்டில், தாசில்தார் மேசையில், அந்த வால்தான் நமக்குச் சாட்சி. அந்த நிலம் யாருக்காகக் கொடுக்கப்பட்டது என்பதை அந்த ஒரு சொல் சொல்லிவிடும். 1979இல் தொடங்கிய யுடிஆர் நில உடைமைப் பதிவுத் திட்டத்தில் புதுக் கணக்கு எழுதினபோது பல ஊரில் இந்தப் பேர்கள் காணாமல் போய், அனுபவத்தில் இருப்பவர் என்று வேறு பேர்கள் வந்து உட்கார்ந்தன. அதனால், நிலத்தைத் தேடுகிற தோழர்கள் இப்போதைய கணினிச் சிட்டாவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வராதீர்கள். யுடிஆருக்கு முந்தைய அ-பதிவேட்டைக் கேளுங்கள், அதற்கும் முந்தைய செட்டில்மெண்ட் பதிவேட்டைக் கேளுங்கள். இல்லை என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். "கிடைக்கவில்லை" என்று பதில் வந்தால் அதையும் பத்திரப்படுத்துங்கள்.

எங்கள் ஊர் விவசாய ஊர் இல்லை. உப்பு, மீன், பிறகு தொழிற்சாலை, அப்புறம் அனல்மின் நிலையம். 1970இல் வந்த எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டே போய்விட்டது. 2011இல் காத்திவாக்கம் நகராட்சியும் சென்னை மாநகராட்சியில் கரைந்தது. நிலமில்லாதவனுக்குக் காகிதம் எதற்கு என்று எங்கள் பையன்களே கேட்டார்கள். 2025 நவம்பரில் அதற்குப் பதில் கிடைத்தது. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் என்று வீட்டுக்கு வீடு படிவம் கொடுத்தார்கள். 2002 அல்லது 2005 பட்டியலில் உன் பேர் எங்கே, இல்லையென்றால் உன் தாய் தகப்பன் பேர் எங்கே, பாகம் எண் என்ன, வரிசை எண் என்ன? கால்வாய் ஓரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்கும் கண்ணகி நகருக்கும் தூக்கி எறியப்பட்ட நம் ஜனங்களுக்குப் பழைய தெருவே இல்லை, பாகம் எண்ணுக்கு எங்கே போவது? ஓட்டுப் போடுகிற உரிமைக்கே மூதாதையைத் தேடவேண்டியதாகிவிட்டது.

சாதிச் சான்றிதழும் இதே கதை. பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது 1950 ஆகஸ்ட் 10. ஒரு மாநிலத்திலிருந்து இன்னொரு மாநிலத்துக்கு வந்த குடும்பம் என்றால், அந்தத் தேதியில் உன் அப்பன் பாட்டன் எங்கே குடியிருந்தான் என்று கேட்கிறார்கள். ஆந்திரப் பக்கத்திலிருந்து வந்து வடசென்னையின் குப்பையையும் மலத்தையும் தலைமுறையாக அள்ளிய குடும்பத்துப் பிள்ளைகள் இந்தக் கேள்வியில் சிக்கி அலைகிறார்கள். 1950இல் அதெல்லாம் ஒரே சென்னை மாகாணம்தானே என்று கேட்டால் அதிகாரி காதில் விழாது.

காகிதம் நமக்கு எதிராகவும் திரும்பும். இதை மறைக்கக்கூடாது. நம் குடும்பங்களின் பேரைத் தகப்பன் பேர், தாய்ப் பேரோடு ஒழுங்காக எழுதி வைத்த இடங்களில் ஒன்று மாதா கோயில் ஞானஸ்நானப் பதிவேடு. வம்சத்தைத் தேடுகிறவனுக்கு அது தங்கச் சுரங்கம். அதே பதிவேடு, 1950 ஆணையின் மூன்றாவது பத்தி இருக்கிற வரைக்கும், பிள்ளையின் இடஒதுக்கீட்டைப் பறிக்கிற ஆயுதமும்தான். சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திறந்த கதவு கிறிஸ்தவ, முஸ்லிம் தலித்துகளுக்கு இன்னும் திறக்கவில்லை. 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் சாதிச் சான்றிதழ் இல்லை என்று சொன்னபோது, குழந்தையாக இருந்தபோது அவருக்கு நடந்த ஞானஸ்நானமும் சாட்சியாக நின்றது. ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஊரில் தேடிக் கண்டுபிடித்ததை அந்தக் குடும்பத்தைக் கேட்காமல் எங்கேயும் போடாதீர்கள். ஆராய்ச்சிக் கட்டுரையில் உங்களுக்குப் பட்டம் கிடைக்கும், அவர்கள் வீட்டில் ஒரு வேலை போகும்.

வேலை எங்கே தொடங்குவது? எழும்பூரில் இருக்கிற ஆவணக் காப்பகத்துக்குள் உப்பளத் தொழிலாளி நேராக நுழைய முடியாது. ஆய்வாளர் என்று கல்லூரியில் கடிதம் வாங்கிக்கொண்டு போகிற மாணவன் நுழையலாம். அந்தக் கடிதத்தை உங்கள் பட்டத்துக்கு மட்டும் பயன்படுத்தாதீர்கள். உங்கள் தாலுகாவின் ஒப்படைப் பட்டியல்களை, பழைய மாவட்ட கெஜட்டுகளை நகலெடுங்கள். அரசிதழில் வருகிற பெயர் மாற்ற அறிவிப்புகளைப் படியுங்கள். குப்பன் குப்புசாமியானதும், பிச்சை வேறொரு பேர் வைத்துக்கொண்டதும் அங்கே இரண்டு வரியில் இருக்கும். பழைய பேர், புதுப் பேர், தகப்பன் பேர், விலாசம். ஆண்டையும் ஊர்க்காரனும் இட்ட பேரை அரசாங்க முத்திரையோடு தூக்கி எறிந்தவர்கள் அவர்கள். அந்த இரண்டு வரிக்கு இடையில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது.

வீட்டுப் பெட்டியையும் திறந்து பாருங்கள். ஈ.எஸ்.ஐ. அட்டையில் குடும்பத்தோடு ஒட்டின படம் இருக்கும். பல வீட்டில் தாத்தா பாட்டிக்கு இருக்கிற ஒரே படம் அதுதான். பி.எப். சீட்டு, துறைமுகத் தொழிலாளர் வாரியத்தின் அட்டை, ரேஷன் கார்டு, பள்ளிக்கூட டி.சி., சங்கச் சந்தா ரசீது. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் திரும்பி வந்த குடும்பங்களில் அகதிச் சீட்டும் பாஸ்போர்ட்டும் இருக்கும். 1964 ஒப்பந்தத்தில் ஐந்தேகால் லட்சம் பேரை இரண்டு அரசாங்கமும் பங்குபோட்டு இங்கே அனுப்பினபோது கொடுத்த தாள்கள். ஒப்பந்தக் கூலியாகக் கழித்தவர்களுக்கு இதுவும் கிடையாது. அவர்கள் பேர் ஏதோ ஒரு காண்டிராக்டரின் நாற்பது பக்க நோட்டில் இருந்தது, அது எந்தப் பழைய பேப்பர்க் கடைக்குப் போனதோ.

டர்பன் குடும்பத்துக்கு நான் பதில் எழுதிவிட்டேன். இரண்டு ஆயாக்கள் சொன்னதை அவர்கள் சொன்ன மாதிரியே எழுதினேன். எங்கள் தெருவில் அந்தப் பேர் இருக்கிற இரண்டு வீடுகளின் விவரத்தையும் அவர்கள் சம்மதத்தோடு அனுப்பினேன். உங்கள் ரத்தம் இதுதான் என்று அடித்துச் சொல்லவில்லை. அந்த வீட்டுக்காரர்களில் ஒருவர், பெயிண்டர் வேலை செய்கிறவர், ஜெராக்ஸ் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தழும்புகூட எழுதிக்கிறானே தோழர்... எங்க தாத்தாவுக்கு எங்க தழும்பு இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாதே" என்றார்.

அடுத்த இதழிலிருந்து கடைசிப் பக்கத்தை 'தேடுகிறோம்' என்ற தலைப்பில் ஒதுக்குகிறோம். காசு கிடையாது. எட்டு வரிக்குள் எழுதி அனுப்புங்கள். தேடுகிறவரின் பேர், அவருடைய தாய் தகப்பன் பேர், ஊர், சேரியின் பேர், செய்த வேலை, எந்த வருஷம் வாக்கில் எங்கே போனார், வீட்டில் அவரைப் பற்றிப் பேசிக்கொள்வது என்ன, உடம்பில் ஏதாவது அடையாளம் உண்டா. பெண்களின் பேரை விட்டுவிடாதீர்கள். கிழவிகள் பேர் சொல்லக் கூச்சப்பட்டால் பக்கத்து வீட்டுக் கிழவியைக் கேளுங்கள், அந்தம்மா சொல்லும். தேடுவதற்கு யாரும் இல்லாதவர்கள், தங்கள் சேரியில் இந்த வருஷம் செத்தவர்களின் பேரை முழுசாக எழுதி அனுப்பலாம். அதையும் போடுவோம்.